புதிய லேப்டாப்பில் நாமே ரேம் சேர்க்கலாமா?

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள புதிய லேப்டாப் வாங்கியிருக்கிறேன். பிரவுசரில் நிறைய டேப்களைத் திறந்தால் திணறுகிறது. இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கி நானே பொருத்த முடியுமா? வாரண்டி போய்விடுமா?

பதில்: லேப்டாப்பில் இடம் இருந்தால் தாராளமாகப் பொருத்தலாம். கைவேலை கொஞ்ச நேரம்தான். பணம் வீணாவது பெரும்பாலும் தவறான ரேமை வாங்குவதால்தான். எனவே திருப்புளியைத் தேடும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

லேப்டாப் திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேம்தான் குறை. பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ரேம் வாங்கிப் பயனில்லை.

அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) பயன்பாட்டில் உள்ளது என்பதும், ரேமின் வடிவமும் இருக்கும். ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடியது. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் இப்படித்தான். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். பற்றவைத்த சிப்களையும் விண்டோஸ் சில நேரம் ஸ்லாட்டாக எண்ணிக் காட்டும். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிப் பாருங்கள். ஸ்லாட் எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு ரேம் ஏற்கும், மூடியை எப்படிக் கழற்றுவது என எல்லாம் அதில் இருக்கும்.

ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 எனத் தலைமுறைகள் உண்டு; உங்கள் லேப்டாப்பில் உள்ள அதே தலைமுறையை வாங்குங்கள். லேப்டாப்பில் செருகும் டிடிஆர்4 ரேமில் 260 பின்கள், டிடிஆர்5-இல் 262. பின்களின் நடுவே உள்ள வெட்டுக்குறியின் இடமும் வேறு என்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. வேகம் மாறுபட்டால் பெரும்பாலும் இரண்டுமே குறைந்த வேகத்தில் ஓடும். 3200 வேக ரேமை 2666 வேக ரேமுடன் சேர்த்தால் கிடைப்பது 2666தான். காலி ஸ்லாட் இருந்தால் உங்கள் திட்டப்படி 8 ஜிபி சேர்ப்பதே நல்லது. சம அளவில் இரண்டு இருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனலில் இயங்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒரே ஸ்லாட்தான் என்றால் இருப்பதை எடுத்துவிட்டு 16 ஜிபி போட வேண்டும்.

இனி பொருத்துவது. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருந்தால் வழக்கமான ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் செய்து சார்ஜரை உருவுங்கள். ஸ்குரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. கழற்றிய இடத்தின் வரிசையிலேயே வையுங்கள். குட்டை ஸ்குரூவின் இடத்தில் நீளமானதை முடுக்கினால் மேல்பக்கம் புடைத்துக்கொள்ளும். மூடியைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்கள், இரும்பு வேண்டாம். திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியை இணைப்பிலேயே விட்டுவிட்டு ரேமைச் செருகுவதுதான் போர்டைப் பழுதாக்கும் குறுக்குவழி.

உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்க ஏதேனும் உலோகப் பரப்பைத் தொட்டுவிட்டு, ரேமை ஓரங்களில் பிடித்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செருகுங்கள். தங்க நிறப் பின்கள் அநேகமாக மறையும் வரை உள்ளே போக வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இருபக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். போகாவிட்டால் பலத்தைக் காட்டாமல் வெட்டுக்குறியைப் பாருங்கள்.

பேட்டரியை மீண்டும் இணைத்து மூடிய பிறகு, சார்ஜரை மாட்டியே ஆன் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய லேப்டாப்கள் பல சார்ஜர் இல்லாமல் விழிக்காது. முதல்முறை திரை சில நிமிடம் இருட்டாகவே இருக்கலாம், குறிப்பாக டிடிஆர்5-இல். புதிய ரேமுக்கு ஏற்ப லேப்டாப் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. பதறி அணைத்துவிட வேண்டாம். வெகுநேரம் ஆகியும் படம் வராவிட்டால் மீண்டும் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ரேமை எடுத்துச் செருகிப் பாருங்கள். வந்துவிட்டால், ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

வாரண்டி விஷயம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரேம் மாற்றுவதைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் திறக்கும்போது நீங்கள் உடைத்தது உங்கள் செலவு. ஸ்குரூவின் மேல் சீல் ஒட்டியிருந்தால் முதலில் வாரண்டி விதிகளைப் படியுங்கள். பின்னாளில் சர்வீசுக்குக் கொடுக்க நேர்ந்தால், நீங்கள் போட்ட ரேமை எடுத்துவிட்டு லேப்டாப்புடன் வந்ததை மட்டும் வைத்துக் கொடுங்கள்.