ரெண்டர் ஏன் ரெண்டராகவே தெரிகிறது? இன்டீரியர் 3டி கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: “நிஜம் மாதிரி வரவில்லை.” 3டி மாடலைப் படமாக்கும் (ரெண்டர் செய்யும்) ப்ளெண்டர் சைக்கிள்ஸ், வி-ரே, கொரோனா மூன்று மென்பொருட்களுக்கும் பொருந்தும்படி பதில் தந்திருக்கிறோம். ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியதை அங்கங்கே பெயர் சொல்லியிருக்கிறோம்.

4கே அளவில், 4096 சாம்பிள் வைத்து எடுக்கிறேன். நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் பொரிவு) துளியும் இல்லை. ஆனாலும் எல்லாம் பிளாஸ்டிக் போலவே தெரிகிறது. சாம்பிளை இன்னும் கூட்டவா?

வேண்டாம். சாம்பிள், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் எண்ணிக்கை, நாய்ஸை மட்டும்தான் குறைக்கும். மெட்டீரியல் (பொருளின் நிறம், பளபளப்பு அமைப்பு) தப்பாக இருந்தால் அந்தத் தப்பு இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு கிளே ரெண்டர் எடுங்கள். ஜன்னல் கண்ணாடியை மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம், ஆர்ஜிபி மூன்றும் 118. இது 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் சாம்பல். அதிலேயே அறை தட்டையாக இருந்தால் கோளாறு லைட்டில். கிளேயில் நன்றாக இருந்து, மெட்டீரியல் போட்டதும் கெட்டுப்போனால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

ரஃப்னஸ் மேப் (பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் படம்; 0 என்றால் முழுப் பளபளப்பு) எந்தக் கலர் ஸ்பேஸில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதை எஸ்ஆர்ஜிபி என்று விட்டுவிட்டால் 0.5 என்ற மதிப்பை மென்பொருள் 0.21 என்று படிக்கும். மேட் ஃபினிஷ் என்று நினைத்துப் போட்டது பளபளக்கும். நீங்கள் சொல்லும் ‘பிளாஸ்டிக்’ பெரும்பாலும் இதுதான். ப்ளெண்டரில் ‘நான்-கலர்’, 3டிஎஸ் மேக்ஸில் காமா 1.0 என்று மாற்றுங்கள். மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல் மேப்புக்கும் இதே விதி. கூடவே, நார்மல் மேப் டைரக்ட்எக்ஸ் வகையாக இருந்தால் ப்ளெண்டரில் பச்சை சேனலைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் பள்ளம் மேடாகத் தெரியும்.

அடுத்தது வெள்ளை. சுவருக்கு 255 கொடுத்தால் ஒளி ஒவ்வொரு முறை மோதும்போதும் குறையாமல் திரும்பும். மூலைகளில் நிழலே விழாது. புதிதாக அடித்த வெள்ளை எமல்ஷன்கூட 80 முதல் 85 சதவீதம்தான் திருப்பும். 230-ஐ உச்சவரம்பாக வையுங்கள். கறுப்பும் 30-க்குக் கீழே போக வேண்டாம். மெட்டாலிக் (உலோகத்தன்மை) மதிப்பு 0 அல்லது 1 மட்டும்; 0.4 போன்ற நடு மதிப்பைக் கொண்ட பொருள் வீட்டில் எதுவும் இல்லை.

கடைசியாக விளிம்புகள். கத்தி போன்ற 90 டிகிரி விளிம்பு எந்த வீட்டிலும் கிடையாது. மரச்சாமானுக்கு 1 முதல் 2 மி.மீ., பூச்சுச் சுவரின் முனைக்கு 3 முதல் 5 மி.மீ. பெவல் (விளிம்பை மழுக்குதல்) கொடுத்தாலே அங்கே ஒளி ஒரு கோடாகப் பிடிக்கும். மாடலைத் தொட விருப்பமில்லை என்றால் சைக்கிள்ஸில் பெவல் நோட், வி-ரேயில் எட்ஜஸ்டெக்ஸ் இருக்கின்றன. இவை ஷேடிங்கை (ஒளி படும் தோற்றத்தை) மட்டும்தான் மாற்றும் என்பதால் மிக அருகில் எடுக்கும் படத்துக்குப் போதாது.

ஜன்னல் வெள்ளையாக எரிகிறது, ஹால் இருட்டாக இருக்கிறது. ஹாலை வெளிச்சமாக்க உள்ளே ஏரியா லைட் வைத்தால் செயற்கையாகிவிடுகிறது.

வெயில் நேரத்தில் வெளியே இவி (வெளிச்ச அளவு; ஒன்று கூடினால் ஒளி இரட்டிப்பு) 15 என்றால் அறைக்குள் 7 அல்லது 8 இருக்கும். ஏறத்தாழ நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கேமராவில் எடுத்தாலும் ஜன்னல் ஓரளவு எரியத்தான் செய்யும். ஆகவே எக்ஸ்போஷரை ஹாலுக்கு வையுங்கள்: ஐஎஸ்ஓ 400, எஃப்/8, ஷட்டர் 1/15 நல்ல தொடக்கம். ஜன்னலுக்கு வெளியே உள்ளதும் ஹாலும் ஒரே அளவு தெளிவாகத் தெரிகிற படத்தைத்தான் கண் உடனே சந்தேகிக்கும்.

அப்படியும் இருட்டாக இருந்தால் ஜன்னல் கண்ணாடிதான் ஒளியை மறிக்கிறது. ரிஃப்ராக்‌ஷன் (ஒளி வளைதல்) கொடுத்த கண்ணாடியை நிழல் கணக்கு ஒரு கெட்டியான பொருளாக எடுத்துக்கொள்ளும். கொரோனாவில் ‘தின்’ விருப்பம், வி-ரேயில் ‘அஃபெக்ட் ஷேடோஸ்’, சைக்கிள்ஸில் லைட் பாத் நோடின் ‘இஸ் ஷேடோ ரே’-யை வைத்து டிரான்ஸ்பரன்ட் ஷேடருக்கு மாற்றுவது ஆகியவை தீர்வு. கண்ணாடியில் பிரதிபலிப்பு தேவைப்படாத பகல் காட்சியில் கண்ணாடியையே நீக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. சைக்கிள்ஸில் டிஃப்யூஸ் பவுன்ஸ் (ஒளி மோதித் திரும்பும் எண்ணிக்கை) இயல்பாக 4. உள்ளறைக்கு 8 முதல் 12 வரை கூட்டினால் மூலைகள் உயிர் பெறும்.

பலர் கவனிக்காதது சூரியனின் இடம். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேல்; 450 அல்லது 600 மி.மீ. சன்ஷேடு அதைச் சுவரோடு நிறுத்திவிடும். நண்பகல் வெளிச்சத்தில் சோபா வரை வெயில் விழும் படம் நம் ஊர்க் கண்ணுக்கு ஒட்டாது. காலை 8 மணி, கிழக்கு ஜன்னல், 25 முதல் 30 டிகிரி உயரம் என்று வைத்தால் வெயில் இயல்பாக உள்ளே நீளும். டிசம்பரில் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் வரவே வராது. பிளானில் வடக்குக் குறி எங்கே என்று பார்த்துவிட்டுச் சூரியனை நகர்த்துங்கள்.

இன்னொன்று: ஜன்னலுக்கு வெளியே ஐரோப்பியப் புல்வெளி எச்டிஆர்ஐ (சுற்றுப்புற ஒளிப்படம்) வைப்பது. அடுக்குமாடி வீட்டுக்கு 4 அல்லது 5 மீட்டர் தள்ளி ஒரு சாதாரணப் பெட்டியை எதிர்வீடாக நிறுத்தி, இளமஞ்சள் பூசுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி உள்ளே வரும்போதுதான் அது நம்ம ஊர் ஹாலாகும். கிரில்லையும் விட்டுவிடாதீர்கள். அதன் நிழல் தரையில் விழுவதைவிட மலிவான நிஜத்தன்மை வேறு இல்லை.

வார்ட்ரோப் லேமினேட்டில் மர ரேகை எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி வருகிறது.

ஷீட்டின் அளவிலிருந்து தொடங்குங்கள். லேமினேட் ஷீட் 8க்கு 4 அடி, அதாவது 2440க்கு 1220 மி.மீ. உங்களிடம் இருப்பது முழு ஷீட் ஸ்கேன் என்றால் யுவி-யில் (படத்தைப் பரப்பில் பொருத்தும் அமைப்பு) அதே அளவுக்கு நீட்டுங்கள். 1 மீட்டர் சதுரத்துக்குள் அடக்கினால் ரேகை நெருங்கி, அலமாரியின் அளவு தப்பாகத் தோன்றும். பிறகு ஒவ்வொரு கதவின் யுவி-யையும் பக்கவாட்டில் வெவ்வேறு தூரம் நகர்த்துங்கள். டிராயர் முகப்புகள் மட்டும் விதிவிலக்கு: நல்ல ஆசாரி ஒரே துண்டிலிருந்து வெட்டுவார், ரேகை மேலிருந்து கீழ் தொடரும். அப்படியே காட்டுங்கள்.

கதவுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி, அதற்குப் பின்னால் நிஜமான இருட்டு வேண்டும். கறுப்புக் கோடு வரைந்து ஏமாற்றக் கூடாது. 18 மி.மீ. பிளைவுட்டில் இரு பக்கமும் லேமினேட் ஒட்டினால் கதவு கிட்டத்தட்ட 20 மி.மீ. வரும். விளிம்பில் எட்ஜ் பேண்ட் தனி மெட்டீரியல். அதன் நிறம் முகப்போடு நூறு சதவீதம் ஒத்துப்போகாது, நீங்களும் ஒரு துளி மாற்றி வையுங்கள். பளபளப்பான (கிளாஸி) லேமினேட் என்றால் பிரதிபலிப்பு லேசாக அலைய வேண்டும்: மிகக் குறைந்த பம்ப் (போலி மேடுபள்ளம்), சில மி.மீ. அளவு நாய்ஸ் டெக்ஸ்சர். அக்ரிலிக் ஷட்டருக்கு அந்த அலை அதைவிடக் குறைவு.

தரையிலிருந்து சீலிங் வரை 9 அடிக்கு ஒரே கதவாகக் காட்டுவதும் ரெண்டரைக் காட்டிக்கொடுக்கும். 8 அடி பிளைவுட்டில் அது வராது. 7 அடியில் பிரித்து மேலே லாஃப்ட் போடுங்கள். படமும் நம்பும்படி இருக்கும், சைட்டில் சண்டையும் வராது.

விட்ரிஃபைட் டைல் தரை கண்ணாடி போல ஆகிவிடுகிறது.

ரஃப்னஸ் 0 கொடுத்திருப்பீர்கள். பாலிஷ் டைலுக்கு 0.05 முதல் 0.12, மேட்டுக்கு 0.4-க்கு மேல். 600க்கு 1200 டைலுக்கு 2 மி.மீ. ஜாயின்ட் வரைந்து, கிரவுட்டை டைலைவிட அரை மி.மீ. கீழே இறக்குங்கள். கிரவுட் பளபளக்காது. ஒவ்வொரு டைலையும் எந்தப் பக்கமும் 0.1 டிகிரிக்கு மேல் போகாமல் சாய்த்துவிட்டால் ஜன்னலின் பிரதிபலிப்பு ஜாயின்ட்டில் லேசாக உடையும். தரையை நிஜமாக்குவது அந்த உடைவுதான். மார்பிள் டிசைன் என்றால் குறைந்தது நான்கு முக வடிவங்களைக் கலந்து பதியுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் கோவ் லைட் (சீலிங் ஓரப் பள்ளத்தில் மறைந்த விளக்கு) நியான் விளக்கு மாதிரி எரிகிறது. ப்ளெண்டரில் 15 வாட் போட்டால் அறையே வெளுத்துவிடுகிறது.

ப்ளெண்டரின் வாட் மின்சார வாட் அல்ல, கதிர்வீச்சின் வாட். 800 லூமென் எல்இடி பல்புக்கு அங்கே ஏறக்குறைய 2 வாட் போதும். வி-ரே, கொரோனா இரண்டிலும் நேராக லூமெனையே கொடுக்கலாம்: 12 வாட் டவுன்லைட்டுக்கு 1000 லூமென் சுற்றி.

கோவ் பள்ளத்தில் விளக்குப் பட்டையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். சீலிங்குக்கும் பட்டைக்கும் நடுவே 100 முதல் 150 மி.மீ. விட்டால் ஒளி படிப்படியாக மங்கும், 40 மி.மீ. என்றால் கூர்மையான வெள்ளைக் கோடுதான் கிடைக்கும். எமிஷன் (தானே ஒளிரும்) மெட்டீரியல் போடுவதைவிட, நீளமான ஏரியா லைட் வைத்தால் நாய்ஸ் குறைவு. டவுன்லைட்டுகளுக்கு ஐஇஎஸ் ஃபைல் (விளக்கின் ஒளி பரவும் விதத்தைச் சொல்லும் கோப்பு) போட்டுச் சுவரிலிருந்து 300 மி.மீ. தள்ளி வைத்தால் சுவரில் வளைவான ஒளி விழும். அந்தச் சாய்ந்த ஒளியில் பட்டிச் சுவரின் லேசான மேடுபள்ளம் தெரிய வேண்டும் என்பதால், ஒரு மீட்டர் அகலத்தில் 1 மி.மீ. அளவு அலையைச் சுவருக்குக் கொடுங்கள்.

நிறம்: கோவ் 3000 கெல்வின், மற்றவை 4000. பகல் ஒளியோடு கலக்கும்போது ஒயிட் பேலன்ஸை 5000 பக்கம் வைத்தால் விளக்கு மஞ்சளாகவும் ஜன்னல் லேசான நீலமாகவும் விழும். இரண்டையும் வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள்.

10க்கு 11 அடி படுக்கையறை கல்யாண மண்டபம் போல வருகிறது. வீடு முடிந்ததும் கிளையன்ட் கேட்பார்.

கேட்பார்தான். லென்ஸ் 15 அல்லது 16 மி.மீ. வைத்திருப்பீர்கள். 24-க்குக் கீழே போகாதீர்கள். இடம் போதவில்லை என்றால் கேமராவைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் கிளிப்பிங் வையுங்கள். சுவரை நீக்கினால் அந்தப் பக்கத்திலிருந்து வானத்து ஒளி கொட்டும். கிளிப்பிங்கில் சுவர் கேமராவுக்கு மட்டும்தான் மறையும். கேமரா உயரம் 1.1 முதல் 1.3 மீட்டர், சாய்வு பூஜ்யம். மேலே கீழே நகர்த்த ஷிஃப்ட் பயன்படுத்துங்கள்; கதவு நிலை செங்குத்தாக நிற்கும். சீலிங்கில் 1200 மி.மீ. ஃபேன் இருக்கட்டும். அளவு புரிய அதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஃபேனே இல்லாத படுக்கையறையை இங்கே யார் நம்புவார்கள்?

டீனாய்ஸ் (நாய்ஸைத் துடைக்கும் வசதி) போட்டதும் திரைச்சீலையின் நெசவு கரைந்துவிடுகிறது.

நாய்ஸ் மிச்சம் அதிகம். நாய்ஸ் த்ரெஷோல்டை (அனுமதிக்கும் நாய்ஸ் அளவு) 0.01-க்கு இறக்குங்கள், ஓபன் இமேஜ் டீனாய்ஸுக்கு ஆல்பிடோ (பொருளின் சொந்த நிறம்), நார்மல் (பரப்பின் திசை) பாஸ் இரண்டும் போகிறதா என்று பாருங்கள். திரைச்சீலை நிஜமாக விழ, துணியின் அகலம் ராடின் நீளத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு வேண்டும். தையற்காரர் கணக்கும் அதுதான்.

கேட்டலாக்கில் உள்ள ஷேடு ரெண்டரில் வெளிறிப்போகிறது.

ப்ளெண்டர் 4.0 முதல் ஏஜிஎக்ஸ் (படத்தின் இறுதி நிறத்தை அமைக்கும் முறை) இயல்பாக இருக்கிறது. அது பிரகாசமான இடங்களில் நிறத்தை மெல்ல மங்கவைக்கும். கேமராவும் அப்படித்தான் செய்யும் என்பதால் படத்துக்கு நல்லது, ஷேடு காட்ட நல்லதல்ல. ஆல்பிடோவைக் கூட்டிச் சரிசெய்ய வேண்டாம், சுவரில் சாயம் ஏறும். படம் படமாக இருக்கட்டும். ஷேடுக்குச் சாம்பிள் துண்டைக் கையில் கொடுங்கள். ரெண்டரை வைத்து லேமினேட் ஆர்டர் எடுக்காதீர்கள்.

ரெண்டரை ஏஐ-யில் கொடுத்தால் அரை நிமிடத்தில் போட்டோ ஆகிவிடுகிறதே. இவ்வளவும் தேவையா?

முதல் பார்வைக்கு ஆகிவிடும். பிறகு கைப்பிடியை எண்ணிப் பாருங்கள்: நான்கு கதவுக்கு மூன்று இருக்கும். டைல் ஜாயின்ட் சோபாவின் ஒரு பக்கம் ஓர் இடத்திலும் மறுபக்கம் வேறு இடத்திலும் வெளிவரும், ஸ்விட்ச்போர்டு ஓவியமாகியிருக்கும். கிளையன்ட் ஒப்புக்கொண்டது அந்தப் படத்தை என்பதுதான் சிக்கல். அதனால் மாஸ்க் போட்டு (மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் குறித்து), செடி, துணி, மெத்தை, ஆட்கள் ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இமேஜ்-டு-இமேஜில் ‘டீனாய்ஸிங் ஸ்ட்ரெங்த்’ (ஏஐ படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு) 0.2 முதல் 0.3-க்குள் இருக்கட்டும். மரவேலை, டைல், விளக்கு மூன்றும் உங்கள் ரெண்டரிலிருந்தே வரட்டும். ஏஐ தந்த படத்தைப் போட்டோஷாப்பில் மூல ரெண்டரின் மேல் லேயராக வைத்து ‘டிஃபரன்ஸ்’ மோடில் பாருங்கள். மாஸ்க்குக்கு வெளியே கறுப்பாக இல்லாத இடமெல்லாம் அது கைவைத்த இடம்.