கனடா வந்ததும் எம்பிஏ சேரத்தான் வேண்டுமா?

பி.காம் முடித்து, திருப்பூரிலோ சென்னையிலோ எட்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, பிஆர் (நிரந்தரக் குடியுரிமை) கிடைத்து டொரோண்டோவில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் இல்லை. இங்கே ஒரு எம்பிஏ இருந்தால்தான் மதிப்பார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். கட்டணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒரு வாரம் ஒதுக்கி, நீங்கள் விரும்பும் வேலைக்கு வந்த விளம்பரங்களில் முப்பதைச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அக்கவுண்ட்ஸ் பேயபிள் (பில்களுக்குப் பணம் கொடுப்பது), பேரோல் (சம்பளக் கணக்கு) வேலைகளில் குவிக்புக்ஸ், சேஜ் போன்ற கணக்கு மென்பொருள்கள், எக்செல், ஹெச்எஸ்டி (விற்பனை வரி), மாதக் கணக்கு முடிப்பு ஆகியவைதான் திரும்பத் திரும்ப வரும். எம்பிஏ அபூர்வம். சிபிஏ (கனடாவின் பட்டயக் கணக்காளர் தகுதி) என்று பாதிக்கு மேல் வந்தால், நீங்கள் போக வேண்டிய பாதை சிபிஏ. எம்பிஏ அதற்கு ஈடாகாது.

பிஎஃப், இஎஸ்ஐ, டிடிஎஸ் பிடித்துப் பழகிய கைக்குக் கனடியப் பேரோல் அந்நியமானதல்ல. இங்கே பிடிப்பது சிபிபி (ஓய்வூதியம்), ஈஐ (வேலையிழப்புக் காப்பீடு), வருமான வரி. பிப்ரவரி கடைசி நாளுக்குள் டி4 (ஆண்டுச் சம்பளம், பிடித்தம் காட்டும் சீட்டு) கொடுக்க வேண்டும். ஊழியர் வேலையை விட்டால் ஆர்ஓஇ (வேலை பார்த்த காலத்தின் பதிவு) போட வேண்டும். ஒன்டாரியோவில் ஹெச்எஸ்டி 13 சதவீதம். இந்த வித்தியாசத்தைக் கற்க இரண்டு வருடப் பட்டம் தேவையில்லை. நேஷனல் பேரோல் இன்ஸ்டிட்யூட்டின் பிசிபி (பேரோல் சான்றிதழ்) பாடங்களை வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம். மனிதவளத் துறை என்றால் சிஹெச்ஆர்பி சான்றிதழ். திட்ட மேலாண்மைக்குப் பிஎம்பி சான்றிதழ்: நான்கு வருடப் பட்டம் இருந்தால் 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள், அந்த அனுபவம் இந்தியாவில் பெற்றதாகவும் இருக்கலாம். மூன்று வருட பி.காம் என்றால் கேட்கும் மாதங்கள் கூடலாம், விண்ணப்பிக்கும் முன் பாருங்கள்.

பலரும் சறுக்கும் இடம் சான்றிதழ் மதிப்பீடு. குடியேற்றத்துக்காக வாங்கிய ஈசிஏ (கல்விச் சான்று மதிப்பீடு) அறிக்கை உங்கள் பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும். கல்லூரிக்கும் சிபிஏவுக்கும் பாடவாரி மதிப்பீடு தேவைப்படும். அதைத் தனியாக வாங்க வேண்டும். பல்கலைக்கழகம் முத்திரையிட்டுக் கொடுத்த உறையை நீங்களே பிரித்துவிட்டால் செல்லாது. சிபிஏவில் இன்னொன்று: இந்தியாவில் படித்த வருமான வரி, கம்பெனிச் சட்டப் பாடங்களைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள், கனடியப் பாடங்களாக மறுபடி எழுத வேண்டும். நிதிக்கணக்கு, செலவுக்கணக்குப் பாடங்கள் ஏற்கப்படலாம்.

"கனடிய அனுபவம் இல்லை" என்ற பதில் மனதை மிகவும் நோகடிக்கும். 2026 ஜனவரி 1 முதல், ஒன்டாரியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவத்தை நிபந்தனையாகப் போடக்கூடாது. ஆனால் விளம்பரத்தில் இல்லாதது நேர்காணல் நடத்துபவரின் மனதில் இருக்கலாம். அதற்கு மருந்து பிரிட்ஜிங் பயிற்சி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்த்தவரை இங்குள்ள வேலைக்குத் தயார்படுத்தும் பயிற்சி. ஆக்செஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற அமைப்புகள் நிதி, மனிதவளம், விற்பனை என்று துறைவாரியாக நடத்துகின்றன; முதலாளிகளை நேரில் சந்திக்கவும் வைக்கின்றன. டிரையெக் அமைப்பின் வழிகாட்டித் திட்டத்தில் உங்கள் துறையிலேயே இருக்கும் ஒருவர் துணைக்குக் கிடைப்பார்.

ரெஸ்யூமே இரண்டு பக்கம் போதும். புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். "கணக்குகளைக் கவனித்தேன்" என்று எழுதாமல், மாதம் எத்தனை பில், எத்தனை பேருக்குச் சம்பளம் என்று எழுதுங்கள்.

எம்பிஏ வீண் என்று சொல்லவில்லை. கன்சல்டிங், முதலீட்டு வங்கி போன்ற இடங்கள் வளாகத்திலிருந்தே ஆள் எடுக்கின்றன. துறையையே மாற்ற நினைப்பவருக்கு அது சரியான வாசல். ஆனால் டொரோண்டோவின் முன்னணிப் பள்ளிகளில் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரை நெருங்கும், இரண்டு வருடச் சம்பளமும் போகும். முதலில் வேலையில் சேர்ந்து, நிறுவனம் படிப்புச் செலவில் பங்கு தருமா என்று கேட்டு, பகுதிநேரமாகப் படிப்பது பெரும்பாலோருக்கு ஏற்றது. கல்லூரிச் சான்றிதழ்தான் வேண்டுமென்றால் கோ-ஆப் (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) உள்ளதாகப் பாருங்கள். பிஆர் இருப்பவருக்கு உள்ளூர்க் கட்டணம்தான், ஓசாப் (ஒன்டாரியோ அரசின் மாணவர் நிதி) உதவியும் கேட்கலாம்.

ஊரிலிருந்து பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்குக் கணக்கே வேறு. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரியில் பொதுவான பிசினஸ் டிப்ளமா முடித்தால், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்காது. அரசின் பட்டியலில் உள்ள துறைகளுக்குத்தான் கிடைக்கும். பல்கலைக்கழக இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. ஏஜென்ட் பிசினஸ் டிப்ளமா என்று சொன்னால், அந்தப் படிப்பின் சிஐபி எண்ணை (பாடத்துறைக் குறியீடு) கேட்டு வாங்கி, அரசு இணையதளத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கட்டலாம்.