மூணு அடுப்புக்கல்லு: அஸ்டெக் சாமிகள் பத்தி ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

போன வாரம் நீங்க போட்டிருந்த கோயோல்ஷாவ்கி கல்லு பத்தின குறிப்பு படிச்சேன். 1978ல மெக்சிகோ சிட்டில கரண்ட் வேலைக்கு ரோட்ட தோண்டினவங்க கையில அந்த பெரிய வட்டக்கல்லு சிக்கினது, அதுல கை கால் தலை தனித்தனியா வெட்டிப்போட்ட பெண் தெய்வம் இருந்தது எல்லாம் நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா ஒரு நெருடல். நாலு நாள்ல 80,000 பேர பலி குடுத்த, ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடி மெக்சிகோவ ஆண்ட அஸ்டெக் கூட்டத்த பத்தி "அற்புதமான சிற்பம்"னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அதெல்லாம் ஸ்பெயின்காரன் கட்டிவிட்ட கதைங்கறான். எனக்கு என்ன தோணுதுன்னா, ராஜாவும் பூசாரியும் சேர்ந்து ஜனங்கள பயமுறுத்த நடத்தின நாடகம்தானே இது? சாதாரண ஆளு ஒருத்தனாவது இத நிஜமா நம்பியிருப்பானா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்ததால போடல)

அன்புள்ள நண்பருக்கு,

மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, மூணாவதுதான் பெரிசு. முதல் ரெண்டையும் சட்டுனு முடிச்சுடறேன்.

அந்த 80,000 கணக்கு 1487ல அவங்க தலைநகர் டெனோச்டிட்லான்ல (இப்ப மெக்சிகோ சிட்டி) இருந்த பெரிய கோயில திரும்ப கட்டி விழா எடுத்தப்ப நடந்ததா சொல்றது. 80,400னு பின்னாடி வந்த ஒரு ஸ்பானிஷ் துறவி எழுதி வச்சிருக்காரு. ஒரு பேப்பர் எடுத்து வகுத்துப் பாருங்க, நாலு நாளும் ராத்திரி பகல் தூங்காம பலி குடுத்தா கூட நிமிஷத்துக்கு 14 பேர். நடக்கிற காரியமா அது? அதுக்காக உங்க ஃப்ரெண்ட் சொல்றதும் சரியில்ல. 2015ல அங்க கதீட்ரலுக்கு பின்னாடி, குவாத்தமாலா தெருவுல ஒரு பழைய வீட்டுக்கு கீழ தோண்டினப்ப மண்டையோடுகள சுண்ணாம்பு வச்சு அடுக்கின வட்டமான சுவரு கிடைச்சது, பக்கவாட்டுல ஓட்ட போட்டு கம்புல கோத்து வச்சிருந்த மண்டையோடுகள், போர்ல பிடிச்ச ஆம்பளைங்க மட்டும்தான் இருக்கும்னு நினைச்சா பொம்பளைங்க, குழந்தைங்க மண்டையோடும் இருக்கு. ஆக பலி நிஜம், எண்ணிக்கை ஊதினது, அவ்வளவுதான்.

இப்ப நாடகமான்னு கேட்டீங்களே, அதுக்கு வரேன். நாடகமும் இருந்துச்சு, இல்லேங்கல. எதிரி நாட்டு தலைவர்கள கூப்பிட்டு மறைவா உக்கார வச்சு பலிய பாக்க விடுவாங்க, பாத்துட்டுப் போய் அவன் ஊர்ல சொல்லட்டும்னு. அந்த கோயோல்ஷாவ்கி கல்லு கிடந்த இடம் அவங்க போர்ச்சாமி ஹுயிட்சிலோபோச்ட்லி கோயில் படிக்கட்டோட அடிவாரம். கதைப்படி அந்த சாமி அம்மா வயித்துலருந்து ஆயுதத்தோடயே பொறந்து, அம்மாவ கொல்ல வந்த அக்கா கோயோல்ஷாவ்கிய வெட்டி மலையிலருந்து உருட்டி விட்டாரு. மேல பலியானவன் உடம்பு படியில உருண்டு வந்து அந்த அக்கா மேலயே விழும், ஒவ்வொரு தடவையும் அதே கதை மறுபடி நடக்குது. இதுல அரசியல் இல்லேன்னு சொன்னா நான் முட்டாள்.

ஆனா வெறும் நாடகம்னா மேடையிலயே முடிஞ்சிருக்கணும் இல்லையா? இது வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துச்சு.

அவங்களுக்கு ரெண்டு காலண்டர், ஒண்ணு 260 நாள், இன்னொண்ணு 365. ரெண்டும் ஒரே இடத்துல வந்து சேர 52 வருஷம் ஆகும். அந்த 52வது வருஷ முடிவுல சூரியன் திரும்ப வருமா வராதான்னு அவங்களுக்கு நிச்சயமா தெரியாது. அதனால நாடு முழுக்க எல்லா நெருப்பையும் அணைச்சுடுவாங்க, கோயில் நெருப்பு, வீட்டு அடுப்பு ஒண்ணு விடாம. வீட்ட பெருக்கி, சாமி சிலைகளையும் குழவிக்கல்லையும் தண்ணியில தூக்கிப் போட்டுடுவாங்க, கூடவே அடுப்புக்கல்லு மூணையும். ஆமா, நம்ம பாட்டிங்க வச்சிருந்த மாதிரி மூணே கல்லுதான். போகி மாதிரின்னு நினைச்சுடாதீங்க, போகிக்கு அடுத்த நாள் பொங்கல்னு நமக்கு தெரியும். இவங்களுக்கு அடுத்த நாள்னு ஒண்ணு இருக்கான்னே தெரியாது.

அன்னிக்கு ராத்திரி மாசமா இருக்கிற பொம்பளைங்க முகத்துல கத்தாழை மடல்ல செஞ்ச முகமூடி போட்டு தானியக் குதிருக்குள்ள வச்சு அடைச்சுடுவாங்க, சூரியன் வராட்டி இவங்க மிருகமா மாறி மனுஷங்கள தின்னுடுவாங்கன்னு பயம். பசங்கள தூங்க விடாம தட்டி எழுப்பிக்கிட்டே இருப்பாங்க, தூங்கினா எலியா மாறிடுமாம். எல்லாரும் மொட்டை மாடியில ஏறி இஸ்தபலாபா பக்கம் இருக்கிற ஒரு குன்றையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. குன்று மேல பூசாரிங்க கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்த பாத்துக்கிட்டு நிப்பாங்க (அதுக்கு அவங்க மொழியில தியான்கிஸ்ட்லி, அதாவது சந்தைன்னு பேரு, இப்பவும் மெக்சிகோல வாரச்சந்தைக்கு தியான்கிஸ்னுதான் பேரு). நடு ராத்திரில அது உச்சி வானத்த தாண்டிடுச்சுன்னா உலகம் பிழைச்சுது. உடனே ஒரு கைதியோட நெஞ்சு மேல கட்டைய வச்சு கடைஞ்சு நெருப்பு உண்டாக்குவாங்க, அது பத்திக்கிட்டதும் அந்த ஆளோட இதயத்த எடுத்து அதுலயே போட்டுடுவாங்க. தூரத்துல அந்த வெளிச்சம் தெரிஞ்ச நிமிஷம், மொட்டை மாடியில நின்ன ஒவ்வொருத்தரும் காத கீறி ரத்தத்த அந்த நெருப்பு பக்கமா தெறிப்பாங்க. தொட்டில்ல கிடக்கிற குழந்தையோட காதையும் கீறி. அப்புறம் ஓட்டக்காரங்க பந்தத்துல நெருப்ப தூக்கிட்டு ஊருக்கு ஓடி வந்து முதல்ல பெரிய கோயில், அப்புறம் மத்த இடம், கடைசியா வீட்டு அடுப்பு. கடைசியா இப்படி நடந்தது 1507ல, அடுத்த முறை வர்றதுக்குள்ள 1521ல ஸ்பெயின்காரன் கையில ஊரே விழுந்துடுச்சு.

யாரும் பாக்காத மாடியில ஒரு அம்மா தன் குழந்தை காத கீறுறாளே, அது எந்த ராஜாவுக்காக நடிக்கிறது?

ஏன் இந்த ரத்தம்னு புரிய அவங்க சூரியன் கதை வேணும். நாலு சூரியன், நாலு உலகம் ஏற்கனவே அழிஞ்சாச்சு, இது அஞ்சாவது. இருட்டுல சாமிகள்லாம் டெயோடிவாகான்ங்கற பழைய ஊர்ல கூடி யாரு நெருப்புல குதிச்சு சூரியனா ஆகறதுன்னு கேட்டாங்க. பணக்கார சாமி ஒருத்தர் நான்தான்னு முன்னாடி வந்தாரு, நாலு தடவ நெருப்பு வரைக்கும் ஓடி ஓடி நாலு தடவையும் பயந்து நின்னுட்டாரு. ஓரமா நின்ன நானாவாட்சின்னு ஒரு சாமி, உடம்பெல்லாம் புண்ணு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஒரே பாய்ச்சல். அவருதான் சூரியன். வெக்கப்பட்டு பின்னாடியே குதிச்சவரு நிலா. ஆனா சூரியன் எழுந்து வந்துச்சே தவிர நகரல, அதே இடத்துல தள்ளாடுது. அது நகர மத்த சாமிங்க எல்லாம் தங்க உயிர குடுத்தாங்க.

அதாவது கடன் வாங்கினது நம்ம பக்கம். சாமிங்க செத்துதான் நமக்கு விடியுது. பலிக்கு அவங்க பேசின நாவாட்ல் மொழியில நெஷ்ட்லாவல்லின்னு சொல்லுவாங்க, கடன் அடைக்கிறதுன்னு அர்த்தம். நேர்த்திக்கடன்னு ஒரு வார்த்தை வச்சிருக்கிற நமக்கு இது டக்குனு பிடிபடும், ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, நாம வேண்டிக்கிட்டாதான் கடன், அவங்களுக்கு பொறந்ததே கடன்.

நம்பினாங்கன்னு சொன்னா மன்னிச்சுட்டேன்னு எடுத்துக்காதீங்க. பெரிய கோயில்ல மழைச்சாமி ட்லாலோக் பக்கம் ஒரே குழியில 42 குழந்தைங்க எலும்பு கிடைச்சிருக்கு, 1450கள்ல வந்த பெரிய பஞ்சத்தோட சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் அத பாக்கிறாங்க. பலிக்கு கூட்டிட்டுப் போற வழியில குழந்தை அழுதா நல்ல சகுனம், அந்த கண்ணீர் மாதிரி மழை வரும். இத படிச்ச அன்னிக்கு நான் புத்தகத்த மூடி வச்சுட்டேன். நாடகமா இருந்திருந்தா கூட பரவாயில்லன்னு தோணுச்சு, நம்பிக்கையோட செஞ்சதுதான் இன்னும் பயங்கரம்.

இவ்வளவும் நமக்கு தெரியறதுக்கு முக்கியமான காரணம் பெர்னார்டினோ டி சஹாகூன்னு ஒரு பாதிரியார், 1529ல அங்க வந்து, நாவாட்ல் பேசற வயசான நாவா ஆளுங்ககிட்ட கேட்டுக் கேட்டு 12 புத்தகமா எழுதினாரு. அவரு நோக்கம் இந்த மதத்த ஒழிக்கிறது, நோய் தெரிஞ்சாதான் மருந்துங்கற மாதிரி. அதுல ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல. ட்லாசோல்தேயோட்ல்னு ஒரு சாமி, அழுக்கோட தெய்வம், நாம செஞ்ச அசிங்கத்தையெல்லாம் வாங்கிக்கும். பூசாரிகிட்ட போய் பாவத்த சொன்னா மன்னிப்பு உண்டு, அரசாங்க தண்டனையும் கிடையாது, ஆனா ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான். அதனால ஜனங்க என்ன பண்ணினாங்கன்னா வயசாகற வரைக்கும் காத்திருந்து மொத்தமா சொல்லுவாங்க! கிறிஸ்தவம் வந்த பிறகும் தப்பு பண்ணினவன் சர்ச்சுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு, பண்ணினேன்னு கையெழுத்து போட்டு ஒரு சீட்டு குடுங்க சாமி, அதிகாரிகிட்ட காட்டணும்னு கேப்பானாம். சஹாகூனுக்கு எரிச்சல். எனக்கு சிரிப்பு.

கடைசியா உங்க "நாடகம்"ங்கற வார்த்தைக்கே வரேன். 1790 ஆகஸ்ட்ல மெக்சிகோ சிட்டி சதுக்கத்துல கோவாட்லிகுவே சிலை கிடைச்சது, நாம பேசின ஹுயிட்சிலோபோச்ட்லியோட அம்மா. ஆள விட உயரம், பாம்பால ஆன பாவாடை, மனுஷ கையும் இதயமும் கோத்த மாலை, தலை இருக்க வேண்டிய இடத்துல எதிரெதிரா ரெண்டு பாம்பு. பல்கலைக்கழக முற்றத்துல கொண்டு போய் வச்சா பூர்வகுடி ஜனங்க கும்பிட வந்துட்டாங்க, 270 வருஷமா சர்ச்சுக்கு போயிட்டிருந்தவங்க. பயந்து போய் திரும்ப புதைச்சுட்டாங்க. ஹும்போல்ட்னு ஒரு ஜெர்மன் அறிஞர் வந்து பாக்கணும்னு கேட்டதால ஒருதரம் தோண்டி காட்டிட்டு மறுபடி புதைச்சாங்க. இப்ப அங்க மானுடவியல் மியூசியத்துல நிக்குது, எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிறாங்க.

அந்த சிலைக்கு அடியில, தரைய தொடற பக்கத்துலயும் ஒரு உருவம் முழுசா செதுக்கியிருக்கு. பூமித்தெய்வம் ட்லால்தெகுட்லி. நிமித்தி வச்சா ராஜா, பூசாரி, ஜனங்க யாரு கண்ணுக்கும் படாது. அது தெரிஞ்சேதான் அந்த சிற்பி அத்தன நாள் உளி பிடிச்சிருக்கான்.

அன்புடன்