எஞ்சின் இல்லாமல் பறப்பதில் என்ன சுகம்?

கேள்வி: மலைவிளிம்பில் இருக்கும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால் பருந்து இறக்கையை அசைக்காமலே மிதக்கிறது. கிளைடர் என்ற எஞ்சினில்லா விமானத்தில் மனிதர்களும் அப்படித்தான் பறக்கிறார்களாமே, அதில் அப்படி என்ன சுகம்?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: பருந்தின் வித்தையேதான். சரிவில் மோதும் காற்று மேலேதானே போயாக வேண்டும், கிளைடர்காரர் அதில் தொற்றிக்கொள்கிறார்; சமவெளியில் என்றால் வெயிலில் சூடாகி எழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதை விட்டு வெளியே போய்விடாமல் சாய்ந்து சாய்ந்து வட்டமடிக்கிறார். தரையில் இருக்கும் வின்ச் என்ற இழுவை எந்திரத்தின் கம்பியோ இன்னொரு விமானமோ மேலே இழுத்து விடுவதோடு சரி. அப்புறம் காற்று தூக்குகிறதா இறக்குகிறதா என்று வேரியோமீட்டர் பீப் பீப் என்று சொல்லும், அடுத்த தூக்கல் எந்த மேகத்துக்கு அடியில் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். என்னைக் கேட்டால் சுகமே அந்த ஊகத்தில்தான் (உள்ளே நிசப்தம் என்பதெல்லாம் சும்மா, காற்று இரையும்).

நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர்கூடப் போகும். 2018இல் அர்ஜென்டினாவில் பெர்லான் 2 என்ற கிளைடர் 76,000 அடியைத் தொட்டது, பயணிகள் விமானங்கள் பறப்பதைப் போல் சுமார் இரு மடங்கு!

கொடைக்கானலில் ஆசைப்படாதீர்கள். இறங்கச் சமதளம் வேண்டும், மேகம் ஏறிவந்தால் எதிரே நிற்பவரே தெரியமாட்டார், தவறினால் மறுபடி சுற்றிவர எஞ்சினும் கிடையாது.