பவளமும் பாசியும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வீட்டில் உதிரியாகக் கிடந்த மணிகளைச் சேர்த்து நானே ஒரு பெரிய மாலை கோத்தேன். ஆச்சியின் அறுந்துபோன பவளச் சரம், தாத்தா கொழும்பில் கடைவேலை பார்த்தபோது கொண்டுவந்த கண்ணாடிப் பாசிகள், ஆனித் தேரோட்டத்தில் நரிக்குறவர்களிடம் வாங்கியவை, தோழி சுட்டுக் கொடுத்த மண்மணிகள் எல்லாம் அதில் உண்டு. கல்யாணத்துக்குப் போட்டுப் போனால், "பவளத்தக் கொண்டுபோயி பாசியோட சேத்துருக்கியே, கூறு இருக்கா ஒனக்கு?" என்று மதினி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பிரித்துவிடலாமா என்று இருக்கிறது.

இன்னொன்று. மழைக்குப் பிறகு சிவகளைப் பக்கம் தம்பி ஒரு சிவப்புக் கல்மணியைப் பொறுக்கி வந்தான். அதை மாலைக்கு நடுவில் வைக்க ஆசை. வைக்கலாமா?

வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாலையைப் பிரிக்காதீர்கள். மதினி பார்ப்பது விலையை. ஆனால் பவளமும் இந்த ஊர்ச் சரக்கு இல்லை. பாண்டியர் துறைமுகமான கொற்கையில் முத்து எடுத்தார்கள். நகைக்கான சிவப்புப் பவளம் நம் மன்னார் வளைகுடாவில் கிடைப்பதில்லை. மத்தியதரைக் கடலில் எடுத்ததைத்தான் காலங்காலமாகக் கப்பலில் வாங்கிக்கொண்டிருந்தோம். பல வீடுகளில் தாலிக் கயிற்றிலேயே பொன்னும் பவளமும் கருகமணியும் சேர்ந்துதான் கிடக்கின்றன. கலந்து கோப்பது நமக்குப் புதிதல்ல.

கொழும்புப் பாசிகளை ஒரு லென்ஸ் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழிகள் தெரியும். குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால், கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு போட்ட பாசி. துளையைச் சுற்றி வளைந்து போனால், கம்பியில் உருக்கிச் சுற்றியது. இழுத்துச் செய்யும் வேலை புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் அதே வகை வேலை நம் காலம்வரை வந்திருக்கிறது. பாசி என்றால் மட்டம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். தேரோட்டக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, குறட்டால் கம்பியை வளைத்து மணி மணியாகக் கோக்கிற அந்தப் பெண்களின் கைவேகத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

பவளம் மெத்தென்ற பொருள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 3, 4தான். கல்மணி பக்கத்தில் இருந்தால் உரசி உரசிக் கீறல் விழும். மணிகளுக்கு இடையில் முடிச்சுப் போட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது. வியர்வையும் சென்ட்டும் பவளத்துக்கு ஆகாது. கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். புளி, எலுமிச்சை போட்டு மட்டும் கழுவிவிடாதீர்கள், பவளம் சுண்ணாம்பு, புளிப்பு அரித்துவிடும்.

அந்தச் சிவப்பு மணி மாலையில் வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சூதுபவளமாக (கார்னீலியன் என்கிற சிவப்புக் கல்) இருக்கலாம். சிவகளையில் இறந்தவரைப் புதைத்த ஒரு தாழிக்குள் இருந்த நெல்லைச் சோதித்துத்தான் கி.மு. 1155 என்ற காலத்தைச் சொன்னார்கள். நெல் அந்தத் தாழிக்குள்ளேயே இருந்ததால்தான் தாழிக்கும் வயது கிடைத்தது. அதை யாராவது முன்பே அள்ளி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தால் அது வெறும் பழைய நெல். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்கே போய்விட்டன. மிச்சம் இருப்பதையாவது நாம் பொறுக்கக் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்த் தொல்லியல் துறையில் ஒப்படையுங்கள். எடுத்த இடத்தை அவனால் காட்ட முடியும், மணியைவிட அவர்களுக்கு அதுதான் முக்கியம். மறந்துபோவதற்குள் போய்விடுங்கள்.

நடுவில் தோழியின் மண்மணியை வைக்கலாம். பவளத்தை ஒட்டி வேண்டாம், சொரசொரப்பு உரசும். ஒரு நோட்டில் எந்த மணி யாரிடமிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். தாத்தா எந்த வருஷம் கொழும்பு போனார், பாசியை யாருக்கென்று வாங்கினார் என்பதை அம்மாவிடம் இந்த வாரமே கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி