“சோறு போடுவேன்” என்பதையும் பத்திரத்தில் எழுதுங்கள்: முதியோர், பராமரிப்பாளர் சட்டக் கேள்வி-பதில்

வக்கீலாகப் பதிவு செய்த நாள் முதல் நான் அதிகம் நடத்தியது வயதானவர்களின் வழக்குகள்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகள்களும் மருமகள்களும் தங்களுக்கும் ஏதாவது வழி உண்டா என்று கேட்டுப் பின்னாலேயே வருவார்கள். இந்த முறை வந்த கடிதங்களிலும் இரு தரப்பும் இருக்கிறார்கள்.

அப்பா இறந்தபின் அம்மா தன் பெயரில் இருந்த வீட்டை 2019ல் அண்ணனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அதே வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறார். அண்ணன் வீட்டில் சமையல் தனி, அம்மாவுக்குத் தனி. மருந்து நான் வாங்கி அனுப்புகிறேன். வீட்டைத் திரும்பப் பெற முடியுமா? (தஞ்சாவூர் வாசகி)

வழி இருக்கிறது. ஆனால் பலர் செய்வதுபோல நேராக சார் பதிவாளர் அலுவலகம் போய் ரத்துப் பத்திரம் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவர் தன்னிச்சையாகப் போடும் ரத்துப் பத்திரம் செல்லாது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23ஆவது பிரிவைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். “என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்ற நிபந்தனையோடு 60 வயது கடந்தவர் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகக் கருதப்படும். தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப்-கலெக்டர் அலுவலகம். மேல்முறையீடு கலெக்டரிடம், 60 நாளுக்குள்.

சிக்கல் ‘நிபந்தனை’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததைக் காட்டினால்தான் 23 பொருந்தும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோருக்கான நலச் சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லித் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றது. அந்தத் தாய்க்கு உதவியது, சாகும்வரை பார்த்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்திருந்த தனி உறுதிமொழிக் கடிதம். அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) நாகப்பட்டினம் வழக்கொன்றில் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பின் பேரில் கொடுத்த சொத்தில், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, வெளிப்படையாக எழுதியிருக்கத் தேவையில்லை என்றது.

எனவே முதலில் பத்திரத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். “என்னைப் பராமரித்து வருவதாலும், இனியும் பராமரிப்பார் என்ற நம்பிக்கையாலும்” என்பதுபோல ஏதாவது ஒரு வரி இருந்தால் அதுவே பெரிய பலம். “அன்பினாலும் பாசத்தினாலும்” என்று மட்டும் இருந்தாலும் மனு போடுங்கள், மார்ச் தீர்ப்பைக் காட்டுங்கள். நீங்கள் வாங்கி அனுப்பிய மருந்து ரசீதுகள், தனிச் சமையல் நடப்பதற்கு அக்கம்பக்கத்துச் சாட்சி, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அண்ணன் வீட்டை விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மூன்றாம் நபர் கைக்குப் போய்விட்டால் வழக்கு பல மடங்கு கடினம்.

இங்கே ஒரு காட்சி சொல்லத் தோன்றுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பாலித்தீன் உறைக்குள் மூன்றாக மடித்து வைத்திருந்தார். நாலாவது பக்கத்தை வாசித்துக் காட்டினேன்: “இந்த செட்டில்மென்ட்டை எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்.” பாட்டி தன் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்படியா எழுதியிருக்கு? வீடு அவன் பேருக்கு, சாப்பாடு எனக்குன்னுதானே சொன்னாங்க” என்றார். வீட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய பத்திர எழுத்தர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதச் சொல்லப் பாட்டிக்குத் தெரியவில்லை.

இனிமேல் எழுதப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, உணவு, மருத்துவம், தங்குமிடம் தர வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற வாசகம். இன்னொன்று, ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகையை வாங்கிக்கொள்ளவும் உரிமை. இதைக் கேட்டால் பிள்ளை கோபித்துக்கொள்வான் என்று தயங்காதீர்கள். பார்த்துக்கொள்ளப் போகிறவனுக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை. சந்தேகம் இருந்தால் செட்டில்மென்ட்டே வேண்டாம், உயில் போதும். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு 71 வயது. இரண்டு மகன்கள், ஒருவன் துபாயில். மாதச் செலவுக்குப் பணம் கேட்டு மனு போட வக்கீல் வைக்க வேண்டுமா? எவ்வளவு கிடைக்கும்? (விருதுநகர் வாசகர்)

வேண்டாம் ஐயா. வக்கீல் இல்லாமலே நடக்க வேண்டும் என்றுதான் இந்தச் சட்டத்தை வகுத்தார்கள். 17ஆவது பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம், மகன் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நடக்க முடியாவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் வேறொருவர் போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், கூடினால் இன்னும் 30 நாள். இடைக்கால உத்தரவும் கேட்கலாம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 2007ல் வைத்த தொகை இது. ஒரு பக்கவாத நோயாளிக்கு இன்று ஒரு ஆள் வைத்துப் பார்க்க இது எந்த மூலைக்கு? இந்த வரம்பை நீக்கவும், மருமகன் மருமகளையும் பொறுப்பாளிகளாகச் சேர்க்கவும் 2019ல் ஒரு திருத்த மசோதா வந்தது. சட்டமாகாமலே காலாவதியாகிவிட்டது. இதை எங்கு பேசினாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்: அந்த வரம்பு போக வேண்டும்.

பிள்ளை இல்லாத என் பெரியம்மா? (ஈரோடு வாசகர்)

அவருடைய சொத்தை இப்போது அனுபவிக்கிறவர், அல்லது அவருக்குப் பின் வாரிசாகப் பெறப் போகிறவர், அந்த உறவினர்தான் பொறுப்பு. பலர் இருந்தால் கிடைக்கும் பங்கின் அளவுக்கு ஆளுக்கு ஆள் பிரியும். பெரியம்மாவின் நிலத்தை உழுகிற அண்ணன் மகன் “நான் பிள்ளை இல்லையே” என்று தப்பிக்க முடியாது.

அம்மாவுக்கு மறதி நோய். வேலையை விட்டுவிட்டு நான்தான் கூட இருக்கிறேன். ஓய்வூதியம் அவர் கணக்கில் சேர்கிறது, எடுக்க முடியவில்லை. மூன்று வருடம் முன்பு, தன் சார்பில் செயல்பட எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், வங்கியில் ஏற்க மறுக்கிறார்கள். தம்பிகள் நான் பணத்துக்காகத்தான் கூட இருக்கிறேன் என்கிறார்கள். (சென்னை வாசகி)

அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். இதே பேச்சைக் கேட்டபடி என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அழுத மகள்கள் நிறையப் பேர்.

பவர் பத்திரத்தில் வங்கி சொல்வதில் சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் பவர் முடிந்துவிடும், ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவு. மனநிலை தெளிவாக இருந்து உடம்பு மட்டும் முடியாதவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. கையெழுத்துப் போட முடியாதவர் கைவிரல் ரேகையோ கால் பெருவிரல் ரேகையோ வைக்கலாம், இரண்டு சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யவும் ரிசர்வ் வங்கி 2017ல் சொல்லியிருக்கிறது. மறதி நோய் முற்றியவருக்கு இது போதாது.

உங்களுக்கான வழி உயர் நீதிமன்றம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க இடமில்லாததால், உயர் நீதிமன்றங்கள் ரிட் மனுவில் (அரசியலமைப்பு தரும் சிறப்பு அதிகாரத்தின் கீழ் நேராக அங்கேயே போடும் மனு) இதைச் செய்கின்றன. 2024ல் சென்னையில், கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியையே காப்பாளராக நியமித்து, சொத்தை விற்றுச் சிகிச்சைக்குப் பயன்படுத்த டிவிஷன் பெஞ்ச் அனுமதித்தது. அரசு மருத்துவமனையில் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் சான்று வாங்கிவிட்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண் என்பதால் வருமானக் கணக்கு பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு.

தம்பிகளுக்கு என்ன பதில்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இன்றிலிருந்து டயப்பர், மாத்திரை, பிசியோதெரபி, ஆட்டோ, தேதியோடு எழுதுங்கள். எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுச் செலவையும் அம்மா செலவையும் தனியாகப் பிரியுங்கள். மாதக் கடைசியில் பக்கத்தைப் போட்டோ எடுத்துத் தம்பிகளுக்கு அனுப்பிவிடுங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும். காப்பாளர் மனுவிலும் நீதிமன்றம் கணக்குக் கேட்கும். அம்மாவின் செலவுக்கு மகன்களும் பொறுப்பு, அதற்கு அவர் சார்பில் ஆர்.டி.ஓ.விடம் தனி மனுவும் போடலாம்.

இந்த நோய் தொடக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் இன்றே கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். உயில் எழுதுவதானால் அன்றைய தேதியிலேயே மருத்துவர் சான்றும் இரண்டு சாட்சிகளும் இருக்கட்டும்.

மாமியாரைப் பன்னிரண்டு வருடமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைக்கிறேன். கணவர் வெளியூரில். எனக்கு முதுகு போய்விட்டது. முதியோர் இல்லத்தில் சேர்த்தால் கைவிட்ட குற்றம் ஆகுமா? (மதுரை வாசகி)

ஆகாது. 2007 சட்டத்தின் 24ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ இருக்கிறது. ஆனால் முழுமையாகக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போகிறவருக்குத்தான் அது. கட்டணம் கட்டி, மருந்து கொடுத்து, போய்ப் பார்த்துவரும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. இன்னொன்று, 2007 சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லில் மருமகள் இல்லை. பன்னிரண்டு வருடம் நீங்கள் செய்தது சட்டம் உங்கள் தலையில் சுமத்திய கடமையே அல்ல, அம்மா. பொறுப்பு உங்கள் கணவருடையது. இல்லத்துக்கான செலவும் அவருடையதுதான்.

சேர்க்கும் முன் பதிவு பெற்ற இல்லமா, இரவில் செவிலியர் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். மாமியாருக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரையும் ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். முதியோர் உதவி எண் 14567ல் கேட்டால் உங்கள் பக்கத்து இல்லங்களின் விவரம் கிடைக்கும். அப்புறம், உங்கள் முதுகுக்கு எலும்பு மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.