24 மணி நேரம் தாங்கிய கணினி, சும்மா இருக்கும்போது ஏன் உறைகிறது? – கேள்வி பதில்

வன்பொருளுக்குச் சுமை ஏற்றிச் சோதிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, நானே பாகங்கள் வாங்கிக் கணினி அசெம்பிள் செய்தேன். பிராசஸருக்குக் கனமான கணக்குகளைக் கொடுக்கும் பிரைம்95 சோதனை 24 மணி நேரம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. ஆனால் இணையத்தில் ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. இது எப்படிச் சாத்தியம்?

பதில்: தம்பி, சாத்தியம் மட்டுமல்ல, அடிக்கடி நடப்பதும்கூட. எல்லா கோர்களும் (பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் உழைக்கும்போது மின்சார வரம்பும் வெப்ப வரம்பும் சேர்ந்து வேகத்தை இழுத்துப் பிடிக்கின்றன. பிராசஸர் தன் உச்ச வேகத்துக்கு அப்போது போவதே இல்லை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் ஏதோ ஒரு கோர் மட்டும் விழித்து, கண்ணிமைக்கும் நேரம் உச்சிக்குத் தாவிவிட்டு இறங்குகிறது. அந்த உச்சியில் மின்னழுத்தம் போதவில்லை என்றால் உறையும். உங்கள் 24 மணி நேரச் சோதனை அந்த இடத்தைத் தொடவே இல்லை.

பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இதே தொல்லையோடு என்னிடம் வந்த ஒரு கணினியில் கோர்சைக்ளர் என்ற கருவியை ஓட்டினேன். அது ஒவ்வொரு கோராகத் தனியே எடுத்துச் சோதிக்கும். மற்ற கோர்கள் மணிக்கணக்கில் தாங்கின. ஒன்று மட்டும் சில நிமிடங்களிலேயே கணக்கைத் தவறாகப் போட்டது. அந்த ஒரு கோருக்கு மட்டும் மின்னழுத்தக் குறைப்பைத் தளர்த்தினேன். அதன் பிறகு உறையவில்லை.

கேள்வி: சோதனையின்போது பிராசஸர் 95 டிகிரியைத் தொடுகிறது. பயமாக இருக்கிறது. கெட்டுப்போய்விடுமா?

பதில்: எந்த பிராசஸர் என்பதைப் பொறுத்தது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு வரம்பு 100 டிகிரி. எனவே டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள்; அரை மணி நேரம் கழித்து வேகம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அடிப்படை வேகத்துக்கும் கீழே போனால் குளிர்விப்பு போதவில்லை.

அதைவிட முக்கியமானது, எங்கே வைத்துச் சோதிக்கிறீர்கள் என்பது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுச் சோதிப்பவர்கள் ஏராளம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன், அது தவறு. மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி நின்ற ஒரு கணினியைப் பார்த்தேன். பிராசஸர் சோதனையில் தேறியது, கிராஃபிக்ஸ் கார்டு சோதனையிலும் தேறியது. இரண்டையும் சேர்த்து ஓட்டியபோது, கார்டு கக்கிய சூட்டையே பிராசஸரின் விசிறி உள்ளிழுத்தது. இருபது நிமிடத்தில் வேகம் சரிந்தது. பின்பக்கம் கை வைத்தால் காற்று சுவரில் மோதித் திரும்புவது தெரிந்தது. தகட்டை மூடி, அது நிற்கப்போகும் இடத்திலேயே, நாளின் மிகச் சூடான நேரத்தில் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். அறை 10 டிகிரி சூடானால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும்.

கேள்வி: ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓடியதில் ஒரே ஒரு பிழை. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. கணினி நின்றுபோனால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ராமில் ஒரு பிட் மாறினால் யாருக்கும் தெரியாது. அது கோப்பில் எழுதப்படும், அங்கிருந்து காப்புப் பிரதிக்கும் போகும். எனக்கு அதுதான் பெரிய அச்சம்.

எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ (ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் பயாஸ் அமைப்புகள்) இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் ஒவ்வொரு ராமாகத் தனியே போட்டுச் சோதியுங்கள். இன்னொன்று: ராமின் செல்களில் மின்னூட்டம் தானே கசியும் என்பதால் வழக்கமாகச் சில பத்து மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சூடு ஏறினால் கசிவும் ஏறும். 85 டிகிரிக்கு மேல் இருமடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு ஓய்வில் இருக்கும், ராம் குளிர்ந்திருக்கும். எனவே கார்டுக்கும் வேலை கொடுத்து, இயங்குதளத்துக்குள்ளேயே ஒரு நினைவகச் சோதனை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, கிராஃபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓடுகிறது. விளையாட்டைத் தொடங்கினால் மட்டும் கணினி பட்டென்று அணைகிறது.

பதில்: பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். ஃபர்மார்க்கின் சுமை கனமானது, ஆனால் சீரானது. விளையாட்டில் காட்சி மாறும்போதெல்லாம் கார்டு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குத் திடீரென்று மின்சாரத்தை இழுக்கிறது. இதற்காகவே 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம், பவர் சப்ளை தன் அளவைப்போல் இருமடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது. பழைய பவர் சப்ளைகள் பல இதில் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். சுமையை ஏற்றி இறக்கும் சோதனை ஓ.சி.சி.டி. என்ற கருவியில் இருக்கிறது. கார்டின் இரண்டு இணைப்புகளுக்கும் தனித்தனிக் கேபிள் கொடுத்தும் பாருங்கள். 12 வோல்ட் தடம் 11.4க்குக் கீழே போகக்கூடாது. அதை மல்டிமீட்டரில் அளப்பதே நம்பகமானது. பவர் சப்ளையை மட்டும் பிரிக்க வேண்டாம், உள்ளே தேங்கிய மின்னூட்டம் ஆளைக் கொல்லும்.

கேள்வி: இப்படி வதைத்தால் ஆயுள் குறையாதா?

பதில்: ஓரிரு நாளில் குறையாது. உற்பத்திக் குறை உள்ள பாகம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே விழும்; மாற்றித் தரும் காலத்துக்குள் விழட்டும்.

கேள்வி: பிரைம்95 போன்ற பகா எண் தேடும் நிரலில் தேறி எனக்கு என்ன ஆகப்போகிறது?

பதில்: விடை முன்பே தெரிந்த கணக்கைப் போடச் சொல்வதுதான் அதன் பலம். நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை, சரியாகப் போடுகிறதா என்றும் பார்க்கிறது. 1994இல் இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர்தான் இன்டெலின் பென்டியம் பிராசஸரில் இருந்த வகுத்தல் பிழையைக் கண்டுபிடித்தார். அதனால் இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று. 2016இல் இன்டெலின் ஸ்கைலேக் பிராசஸர்கள் உறைவதை வெளிக்கொண்டு வந்ததும் பிரைம்95தான். பயாஸ் புதுப்பிப்பில் அது சரியானது.

கேள்வி: மொத்தம் எவ்வளவு நேரம் சோதிக்க வேண்டும்?

பதில்: வீட்டுக் கணினிக்கு ஓர் இரவு ராம், ஒவ்வொரு கோருக்கும் ஓரிரு மணி நேரம், எல்லாம் சேர்ந்த சுமை இரண்டு மணி நேரம் போதும். பிறருடைய கணக்குகளைச் சேமிக்கும் கணினி என்றால் டிஸ்க்கின் நீண்ட சுயசோதனையும் கட்டாயம். முடிந்ததும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் 'வீயா' (WHEA) பதிவுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். திருத்தப்பட்ட பிழைகள் திரையில் எதையும் காட்டாமல் அங்கேதான் பதிவாகும். பிறகு ஓர் இரவு முழுக்க அணைத்து வையுங்கள். சூடாக இருக்கும்போது ஒழுங்காக எழுந்த கணினி, குளிர்ந்து கிடந்த காலையில் ராமை அடையாளம் காணாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.